கோல்ஃப் பயணத்தில் இரவு எங்கே தங்குவது?

நண்பர்கள் நால்வர் ஒரே காரில் ஏறி, ஊருக்கு ஓர் ஆட்டம் என்று கோல்ஃப் ஆடி வரும் வழக்கம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பலரிடம் இருக்கிறது. எந்தத் திடலில் ஆடுவது என்று மாதக் கணக்கில் பேசித் தீர்மானிப்பவர்கள், எந்த ஹோட்டலில் தங்குவது என்பதைக் கடைசி நாளில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். வாடகை மலிவாக இருந்தால் போதும், படுக்கத்தானே போகிறோம் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்கள் அதிகம் ஆடும் விளையாட்டு இது. அவர்களில் பலருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. நான்கைந்து மணி நேரம் வெயிலில் ஆடிவிட்டு நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு, இரவு தங்கும் இடம் ஆட்டத்தை மட்டும் அல்ல, உயிரையும் தொடும் விஷயம்.

ஏன் எல்லை தாண்டுகிறார்கள்?

சிங்கப்பூரில் நிலம் குறைவு. அதிவேக ரயில் திட்டத்திற்காக ஜூரோங் கன்ட்ரி கிளப்பின் நிலம் எடுக்கப்படும் என 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2017இல் ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் பற்றிய அறிவிப்பு வந்தது. உறுப்பினர் அல்லாதவர்களும் ஆட முடிந்த மரினா பே திடல் 2024ஆம் ஆண்டின் நடுவில் மூடப்பட்டது. ஆகவே ஆட்டக்காரர்கள் ஜொகூர் பக்கம் திரும்புவது இயல்பே. 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் 1998இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாம் பாலமும் மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு வரை வழியைத் திறந்துவிட்டன.

நாளைய திடலை வைத்து ஹோட்டல்

இதில் முதல் விதி ஒன்றுதான். இன்று ஆடிய திடலுக்குப் பக்கத்தில் தங்கக்கூடாது. நாளை ஆடப்போகும் திடலுக்குப் பக்கத்தில் தங்க வேண்டும்.

இதற்குக் காரணம் வானிலை. இந்த நாட்டில் பிற்பகல் என்றால் இடியும் மின்னலும். மின்னல் அபாயத்திற்காக எச்சரிக்கை ஒலி எழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி, திடலை விட்டு வெளியேற வேண்டும். தீபகற்பத்தில் மழை அதிகம் பெய்யும் ஊர்களில் ஒன்றான தைப்பிங்கில் பிற்பகலை நம்பி டீ-ஆஃப் வாங்குவது சூதாட்டம். ஆகவே எல்லாரும் கேட்பது காலை நேரம். 1982ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியதால், இங்கே சூரியன் உதிக்கவே ஏறத்தாழ 7 மணி ஆகிறது. முதல் டீ-ஆஃப் அதை ஒட்டித்தான் கிடைக்கும்.

டீ-ஆஃப் 7.20 என்றால், 6.40க்காவது திடலில் இருக்க வேண்டும். ஹோட்டல் அரை மணி தூரத்தில் இருந்தால் 6 மணிக்கே கிளம்ப வேண்டும். ஆனால் பல ஹோட்டல்களில் காலைப் பசியாறல் தொடங்குவதே 6.30 அல்லது 7 மணிக்கு. பசியாறல் சேர்த்து வாடகை கட்டியவர் வெறும் வயிற்றோடு புறப்படுகிறார். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் ஆடப் போனால், ஐந்தாவது குழிக்குள் சர்க்கரை இறங்கிக் கை நடுங்க ஆரம்பித்துவிடலாம். அறையைப் பதிவு செய்யும்போதே, பசியாறலைப் பொட்டலமாகக் கட்டித் தருவார்களா என்று கேட்பது நல்லது. இல்லையென்றால் பக்கத்தில் விடியுமுன் திறக்கும் கடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாசி லெமாக் பொட்டலமும் தே தாரிக்கும் கிடைத்தால் அந்தக் காலைக்குப் போதும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதும் தவறு. வேலைநாள் காலையில் கிள்ளான் பள்ளத்தாக்கின் நெரிசலில் பத்துக் கிலோமீட்டர் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். மலைப்பாதையும் அப்படித்தான். கேமரன் மலையில் ஆட விரும்புவோர், தாப்பாவில் மலிவாகத் தங்கிவிட்டு விடியலில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடக்கூடாது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர், முழுக்க முழுக்க வளைவுகள். முதல் நாள் பகலிலேயே ஏறி, மேலே தங்குவதே முறை.

ஒரு நாளில் ஓர் ஆட்டம், அதற்குமேல் 200 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் உடம்பு தாங்கும். சனிக்கிழமை காலை மலாக்காவில் ஆடியவர்கள் அன்று மாலை கோலாலம்பூர் வந்து தங்கலாம்; அது சுமார் 150 கிலோமீட்டர். ஞாயிறு கோலாலம்பூரில் ஆடிவிட்டு ஈப்போவுக்குப் போனால் சுமார் 200 கிலோமீட்டர். மலாக்காவிலேயே படுத்துவிட்டு, பின்னிரவு 2 மணிக்கு எழுந்து ஈப்போ ஆட்டத்திற்கு ஓடுவது ஆபத்தை அழைப்பதாகும். ஆட்டம் முடிந்ததும் குளித்து, சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்த பிறகே காரை எடுக்க வேண்டும். காரில் ஓட்டத் தெரிந்தவர் இருவராவது இருக்க வேண்டும்.

மாலை விருந்தும் கார் சாவியும்

இரண்டாவது விதி சற்றுக் கசப்பானது. ஆட்டம் முடிந்ததும் கிளப்பில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் என்பது பலரது பழக்கம். 2020 அக்டோபர் மாதம் முதல் மலேசியாவில் ஓட்டுநருக்கான மதுவின் அளவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்திற்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது. சிங்கப்பூரில் அது 80. அங்குள்ள கணக்கை மனத்தில் வைத்து இங்கே ஓட்டுகிறவர் சிக்கிக்கொள்வார். முதல் முறை பிடிபட்டாலே அபராதம் 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை. ஈராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். சட்டத்தைவிடப் பெரிது, எதிரே மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு குடும்பத்தின் உயிர்.

விருந்து நிச்சயம் என்றால், அந்த இரவுக்குத் திடல் வளாகத்திலேயே ஹோட்டல் எடுப்பதுதான் மரியாதை. அலோர் காஜாவில் உள்ள அ ஃபமோசாவில் 27 குழித் திடலும் தங்குமிடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தெசாரு கடற்கரையில் எர்னி எல்ஸ் வடிவமைத்த 27 குழித் திடலுக்கு அருகிலேயே ஹோட்டல்கள் உண்டு. வாடகை கூடுதலாக இருக்கலாம். அந்தக் கூடுதல் பணம், சாவியைத் தொடாமல் அறைக்குப் போவதற்கான விலை.

உண்மையான வாடகை எவ்வளவு?

300 ரிங்கிட் என்று போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், அதோடு சேவைக் கட்டணமும் சேவை வரியும் உண்டு என்று பொருள். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 விழுக்காடு. சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. ஆக, அறை 350 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். வெளிநாட்டவர் என்றால் 2017 செப்டம்பர் முதல் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் சேரும். மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இதைச் செலுத்த வேண்டியதில்லை.

அறையும் ஆட்டமும் சேர்ந்த சலுகைத் திட்டங்கள் நல்லவையே. ஆனால் அதில் கிரீன் ஃபீ மட்டுமா, பக்கி வண்டி, கேடி, காப்புறுதி எல்லாமுமா, டீ-ஆஃப் காலையிலா பிற்பகலிலா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். மலிவான திட்டத்தில் கிடைக்கும் நேரம் பல வேளைகளில் மழை நேரமாகவே இருக்கும்.

கிழமையையும் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் ஜொகூரில் வார ஓய்வு சனி, ஞாயிறு. அதற்கு முன் ஞாயிறு அங்கே வேலைநாள். ஞாயிறு திடல் காலியாக இருக்கும் என்ற பழைய நினைப்பு இனி உதவாது. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் இன்னும் வெள்ளி, சனிதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை நனைக்கும். அந்த மாதங்களில் மேற்குக் கரையில் அறை தேடுவது மேல்.

சிங்கப்பூரிலிருந்து வெள்ளி மாலை புறப்படுவோர், பாலத்து நெரிசலுக்குப் பிறகு நள்ளிரவில் மலாக்கா போய்ச் சேருவதைவிட, முதல் இரவு ஜொகூரிலேயே தங்கி, சனிக்கிழமை அங்கேயே ஆடலாம். 2025 ஜூலை முதல் வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் என்பதால், அதை முன்னதாகவே முடித்து வைப்பது அவசியம்.

அறைக்குள் பார்க்க வேண்டியவை

நண்பர்கள் இருவர் ஓர் அறை எடுத்தால், இரட்டைக் கட்டிலா ஒரே பெரிய கட்டிலா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். குறட்டை விடுபவருக்குத் தனி அறை கொடுப்பது, மற்ற மூவருக்கும் செய்யும் உபகாரம். மட்டைப் பைகளை இரவு காரில் விடக்கூடாது; ஹோட்டலில் பூட்டி வைக்கும் அறை உண்டா என்று கேட்க வேண்டும். காலை 6 மணிக்குப் போய் மதியம் 1 மணிக்குத் திரும்புவோர், 12 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வார்கள்? ஒன்று, தாமதமாகக் காலி செய்ய அனுமதி வாங்க வேண்டும்; அல்லது பெட்டிகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு, கிளப்பில் குளித்துக்கொள்ள வேண்டும்.

மனைவி மக்கள் உடன் வந்தால் கணக்கே மாறும். ஐந்து மணி நேரம் அவர்கள் அறையில் அடைந்து கிடக்க முடியாது. திடல் நடுக்காட்டில் இருந்தால், நீச்சல் குளமோ, நடந்து போகக்கூடிய கடைவீதியோ உள்ள ஹோட்டலைத் தேட வேண்டும். சைவம் சாப்பிடுவோர், மாட்டிறைச்சி தவிர்ப்போர் இருந்தால் ஹோட்டல் சமையலறையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். குடும்பத்திற்கும் அந்தப் பயணம் பிடித்திருந்தால்தான் அடுத்த பயணத்திற்கு வீட்டில் அனுமதி கிடைக்கும்.

அடுத்த பயணத்திற்குத் திட்டம் போடுவோர், திடலின் பெயருக்குப் பக்கத்திலேயே மூன்று விவரங்களை எழுதிக்கொள்ளட்டும்: காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே பசியாறுவது, மாலையில் காரை யார் ஓட்டுவது. இந்த மூன்றுக்கும் பதில் தரும் ஹோட்டல் எதுவோ, அதுவே நல்ல ஹோட்டல், நட்சத்திரம் எத்தனை இருந்தாலும்.