நலிந்த எலும்பும் அதிரும் கருவியும்

நான் டாக்டர் இல்லை, பௌதிகம் படித்தவன். ஆகவே அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பிள்ளைகள் ஆசையாக வாங்கிவரும் 'மசாஜ் கன்' ஒரு சின்ன உலக்கை. அதன் தலை நிமிஷத்துக்கு 2000 தடவைக்கு மேல்கூட, சுமார் 1 செ.மீ. முன்னும் பின்னும் பாயும். தொடைச் சதை அந்த இடியை வாங்கிக்கொள்ளும். முதுகுத்தண்டின் மேலும் விலாவின் மேலும் அவ்வளவு சதை ஏது?

ஆஸ்டியோபொரோசிஸில் எலும்பின் உட்புறம் செல்லரித்த உத்தரம் போலாகிவிடுகிறது. டெக்ஸா பரிசோதனையில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் அதுதான். இதில் சங்கடம், முதுகெலும்பு நசுங்குவது பல சமயம் தெரியவே தெரியாது. குனிந்து வாளியைத் தூக்கினாலே போதும். "முதுகு பிடிச்சுண்டிருக்கு" என்பாள் மாமி. மாமா கருவியை எடுத்து அங்கேயே வைப்பார். பிடிப்பு என்று நினைத்தது முறிவாக இருந்தால்? திடீர் முதுகுவலி, உயரக் குறைவு, புதிதாக விழுந்த கூன் இவற்றுக்கு முதலில் எக்ஸ்ரே. (பல வருஷம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட மாமாக்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.)

அதிர்வு எலும்பை வளர்க்குமாமே என்று ஒருவர் கேட்டார். அந்த ஆராய்ச்சிகள் ஏறி நிற்கும் அதிர்வுப் பலகையை வைத்து நடந்தவை. அவற்றிலேயே முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. கைக்கருவிக்கு அது சாட்சியாகாது.

டாக்டர் சம்மதித்தால், தொடை போன்ற சதைப்பற்றுள்ள இடத்தில், குறைந்த வேகத்தில், அழுத்தாமல், ஓரிரு நிமிஷம். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் அவரிடம் சொல்லவேண்டும். தோலடியில் ரத்தம் கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் கருவியைத் தொடவே வேண்டாம்; ரத்தக்குழாயில் உறைவு இருக்கலாம், அன்றே டாக்டரிடம் போங்கள்.