நுழைவுத் தேர்வு திறமையை அளக்கிறதா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகை விழாவின் காலை அமர்வில், கணிதத் துறையின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பிள்ளைகளே" என்று கூப்பிடத்தான் வாய் வருகிறது. ஆனால் முன்வரிசையைப் பார்த்தால் பாதிப் பேர் தாத்தா பாட்டி ஆகிவிட்டீர்கள். அதனால் "நண்பர்களே" என்றே வைத்துக்கொள்கிறேன். செயலாளர் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். ஒரு மணி நேரம் பாடம் எடுத்தே பழகின ஆசாமி நான். அடக்கிக்கொள்ளப் பார்க்கிறேன்.

இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் சங்கம் ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. கட்-ஆப் யாருக்கு அதிகமோ அவர்களுக்கு, மேலிருந்து வரிசையாகக் கொடுத்து வருகிறோம். இன்று பிற்பகல் பொதுக்குழுவில் அந்தத் தொகையை உயர்த்தும் தீர்மானம் வருகிறது. உயர்த்துங்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதையும் கூடவே யோசிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். இந்த மதிப்பெண்கள் எதை அளக்கின்றன?

இந்த அரங்கத்திலேயே மூன்று வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். 1984க்கு முன்னால் சேர்ந்தவர்கள் புகுமுக வகுப்பு அல்லது பிளஸ் டூ மதிப்பெண்ணோடு இன்டர்வியூ பார்த்து வந்தவர்கள். 1984 முதல் 2006 வரை சேர்ந்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதி வந்தவர்கள். 2007இலிருந்து வந்தவர்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்து வந்தவர்கள். நான் 1980இல் பணியில் சேர்ந்து 2014இல் ஓய்வு பெற்றவன். மூன்று கூட்டத்துக்கும் பாடம் எடுத்திருக்கிறேன்.

முதல் வாசலைப் பற்றி இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. இன்டர்வியூ என்றால் சில நிமிஷம். அப்பா யார், எந்த ஊர், யாரைத் தெரியும் என்பதெல்லாம் அந்தச் சில நிமிஷத்துக்குள் மதிப்பெண்ணாக மாறிவிட முடியும். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் ஒரு காலத்தில் மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத் தேர்வுக்கு இருந்தது. 1970-71ஆம் ஆண்டுச் சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கில், இது அதிகமாகத் தெரிகிறது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது 1984இல் நுழைவுத் தேர்வு வந்ததும் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். விடைத்தாள் முகம் பார்க்காது, ஜாதி கேட்காது, சிபாரிசுக் கடிதம் வாங்காது. நுழைவுத் தேர்வைக் குறை சொல்கிறவர்கள் இந்த நல்ல பக்கத்தையும் மறக்கக் கூடாது.

அந்தக் கணக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. நுழைவுத் தேர்வு 100. மொத்தம் 300. பிளஸ் டூவில் இரண்டு வருஷம் படித்ததற்கு இரண்டு பங்கு. சில மணி நேரம் பேப்பரில் கோடிட்டதற்கு ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்காக, தேர்வு முடிந்த மறுநாளே பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் மதுரைக்கும் கோச்சிங் போனார்கள். போக வசதி இல்லாதவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் இடைவெளி அந்த சில வாரத்தில்தான் விழுந்தது.

இந்தக் குறையை ஆராய, அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் 2006இல் குழு அமைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சட்டம் நிறைவேறி, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்து, நுழைவுத் தேர்வு போயிற்று. வேறு போர்டில் படித்தவர்களுக்கும் அந்தச் சட்டம் ஒரு கணக்கு வைத்தது. மாநில போர்டில் ஒரு பாடத்தில் முதல் மதிப்பெண் 100, இன்னொரு போர்டில் 90 என்றால், அந்த 90ஐ 100ஆகக் கொண்டு, மற்றவர்களின் மதிப்பெண்ணையும் அதே விகிதத்தில் உயர்த்துவார்கள். கணக்கு வாத்தியார் என்ற முறையில் எனக்கு இது பிடித்த ஏற்பாடு. 90 வாங்கினவனைப் பார்த்து "எங்கே வாங்கின 90?" என்று கேட்கும் கேள்வி இதில் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு மறுபடியும் வருகிறேன்.

சரி, பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் சுத்தத் தங்கமா? அதுவும் இல்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளை நாம் அறிவோம். "பிராய்லர் பள்ளி" என்று ஜனங்களே பேர் வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2018இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். பள்ளித் தேர்வானாலும் நுழைவுத் தேர்வானாலும், இதுதான் கேள்வி வரும் இடம் என்று தெரிந்துவிட்டால், காசு உள்ளவன் அந்த இடத்துக்கு முதலில் போய் நின்றுவிடுகிறான்.

இப்போது மருத்துவத்துக்கு நீட். தமிழ்நாட்டில் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்களில் பலர் வீட்டில் பேரப்பிள்ளைகள் அதற்குப் படித்துக்கொண்டிருக்கலாம். அதை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் அறிக்கை கொடுத்தது. அதில் என் மனதைத் தைத்த ஒரு புள்ளிவிவரம்: மருத்துவத்தில் இடம் பெற்றவர்களில், ஏற்கெனவே ஒரு முறையோ பல முறையோ எழுதியவர்கள் 2016-17இல் 100க்கு 12 பேர் அளவில் இருந்தார்கள். 2020-21இல் அது 100க்கு 71 அளவுக்குப் போய்விட்டது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு பையன் முதல் தடவை 300 வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷம் கோச்சிங் போய் உட்கார்ந்து, அடுத்த தடவை 550 வாங்குகிறான். அவன் உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வருஷத்தில் அவனுடைய திறமை இரண்டு மடங்கு ஆகிவிட்டதா? திறமை அவனிடம் முன்பே இருந்தது என்றால், முதல் தேர்வு அதைக் காட்டவில்லை. திறமை அவ்வளவு இல்லை, பழக்கம்தான் என்றால், இரண்டாம் தேர்வு பழக்கத்தைத்தான் அளந்தது. எப்படிப் பார்த்தாலும் நடுவில் ஒரு வருஷம் இருக்கிறது. அந்த ஒரு வருஷம் சம்பாதிக்கப் போகாமல், ஃபீஸும் கட்டிப் படிக்க வைக்க எந்த வீட்டால் முடியும்?

அதற்காகத் தேர்வே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 720க்கு 600 வாங்கினவனுக்கும் 150 வாங்கினவனுக்கும் பாடத்தில் வித்தியாசம் நிச்சயம் இருக்கும். நம் கல்லூரியிலும் கட்-ஆப் அதிகம் இருந்தவர்கள் பெரும்பாலும் நன்றாகவே படித்தார்கள். சிக்கல் வேறு இடத்தில். 601க்கும் 598க்கும் நடுவில் கோடு போடுகிறோமே, அங்கே. நீட்டில் சரியான விடைக்கு 4, தப்புக்கு ஒன்று கழிவு. கை தவறி அடுத்த வட்டத்தைக் கறுப்பாக்கினால் 5 மதிப்பெண் போச்சு. அந்த 5க்குள் ஆயிரக்கணக்கான பேர் நிற்கிறார்கள். 2024இல் 720க்கு 720 வாங்கியவர்கள் 67 பேர் என்று முதலில் அறிவித்தார்கள். கருணை மதிப்பெண்ணை நீக்கி, ஒரு வினாவுக்கு விடையைத் திருத்திய பிறகு 17 பேர். எந்தப் பிள்ளையின் மூளையும் அதற்குள் மாறிவிடவில்லை. நம் பொறியியலில் மட்டும் என்ன? எல்லா மதிப்பெண்ணும் சமமாக வந்துவிட்டால் பிறந்த தேதி பார்க்கிறோம். அதுவும் ஒன்றானால் கடைசியில் கம்ப்யூட்டர் கொடுக்கும் ரேண்டம் எண். அந்த எண்ணாவது "நான் குலுக்கல்" என்று ஒப்புக்கொள்கிறது. அதற்கு மேலே உள்ள அரை மதிப்பெண் அதை ஒப்புக்கொள்வதில்லை.

புளி நிறுக்கிற தராசு தப்பான தராசு இல்லை. அதில் பொன் நிறுத்தால்தான் தப்பு. தேர்வு என்கிற தராசு, படிக்கக் கூடியவர் யார், இன்னும் தயாராகாதவர் யார் என்று சொல்லும். முதல் ஆள் யார், ஐந்தாவது ஆள் யார் என்று குன்றிமணிக் கணக்கில் சொல்லாது.

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம் நண்பர்கள் எஸ்.ஏ.டி. என்று ஒன்று சொல்வார்கள். அது 1926இல் தொடங்கியது. நடுவில் உள்ள "ஏ" என்ற எழுத்து இயல்பான திறனைக் குறிக்கும் "ஆப்டிடியூட்" என்ற சொல்லுக்காக இருந்தது. 1990களில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த மூன்று எழுத்தும் எதற்கும் சுருக்கம் இல்லை. பிறவித் திறனை அளப்பதாகச் சொல்ல, நடத்துகிறவர்களுக்கே துணிச்சல் போய்விட்டது. ஆனால் கதையின் மறுபாதியும் உண்டு. கொரோனா காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் அந்த மதிப்பெண் கட்டாயம் இல்லை என்றன. டார்ட்மத் கல்லூரி 2024இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஏன் தெரியுமா? வசதி குறைந்த பிள்ளைகள் சிலர், தங்கள் மதிப்பெண் போதாது என்று நினைத்து அனுப்பாமலே இருந்துவிட்டார்கள். அனுப்பியிருந்தால் அவர்கள் படித்த பள்ளியை வைத்துப் பார்த்து, அது நல்ல மதிப்பெண் என்று கல்லூரி எடுத்திருக்கும். டெக்சாஸ் மாநிலம் 1997இலேயே ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம். பிறகு ஆஸ்டின் பல்கலைக்கழகத்துக்கு வரம்புகள் வந்தன, ஆனாலும் அடிப்படை யோசனை நிற்கிறது.

"எங்கே வாங்கின 90?" என்று அப்போது கேட்டேனே, அதே கேள்விதான் இதிலும் இருக்கிறது. நம் மாநிலத்திலும் இது நடந்திருக்கிறது. நீட் வந்த பிறகு அரசுக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்தது. 2020இல் அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கு மேல் எம்.பி.பி.எஸ். இடங்கள் கிடைத்தன. அவர்களும் நீட்டில் தேறித்தான் வருகிறார்கள். ஒரே கோட்டிலிருந்து ஓடினவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டார்கள், அவ்வளவுதான். 2021இல் இது பொறியியலுக்கும் வந்தது.

இப்போது நம் வீட்டு விஷயம். கட்-ஆப்பில் முதலில் நிற்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறோம். அவர்களில் பலர் நம் தொகை இல்லாவிட்டாலும் படிப்பார்கள். பட்டியலின் கீழ்ப்பகுதியில் ஒரு பெண் இருப்பாள். அவள் பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லாமல் பாதி வருஷம் போயிருக்கும். அந்தப் பள்ளியில் இரண்டாவதாக வந்தவளைவிட அவள் நாற்பது மதிப்பெண் கூட வாங்கியிருப்பாள். நம் பட்டியல் அந்த நாற்பதைப் பார்க்கிறதே இல்லை. தமிழ் வழியில் படித்து, முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடம் புரியாமல் விழித்தவர்கள், மூன்றாம் ஆண்டில் ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் சிலர் இந்த அரங்கத்திலும் இருக்கிறார்கள். பேர் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

ஆகவே என் யோசனை இது. தகுதிக்கு ஒரு கோடு வைப்போம்: நம் கல்லூரியில் கவுன்சலிங் வழியாக இடம் கிடைத்ததே அந்தக் கோடு. அதற்கு மேல் கட்-ஆப் வரிசை பார்க்க வேண்டாம். ஒவ்வொருவரும் தன் பள்ளியில், தன் வகுப்பில் எங்கே நின்றார் என்று பார்ப்போம். குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்று பார்ப்போம். கடைசியில் சமமாக நிற்பவர்களுக்குள் குலுக்கல் போடுவோம். அரை மதிப்பெண்ணைக் காட்டி நியாயம் என்று சொல்வதைவிட, குலுக்கல் என்று சொல்லிப் போடுவது நேர்மை.

வக்கீல் தொழிலுக்குப் போன நம் மாணவர்கள் எழுந்து, "மாவட்ட வாரியாக மருத்துவ இடம் ஒதுக்கியதை 1968இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே, சார்" என்று கேட்கலாம். சரியான கேள்வி. அது அரசு தரும் கல்லூரி இடம். நான் பேசுவது இடம் கிடைத்தவர்களுக்கு நாம் நம் பையிலிருந்து கொடுக்கும் பணத்தைப் பற்றி. அதை எப்படிக் கொடுப்பது என்று நாமே முடிவு செய்யலாம்.

"ராங்க் வாங்கின பிள்ளைக்கு இது அநியாயம் இல்லையா?" என்றும் கேட்பீர்கள். அந்தப் பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டுவோம், பதக்கம் கொடுப்போம். பாராட்டு வேறு, உதவி வேறு. உதவி யாருக்குத் தேவையோ அவர்களிடம் போய்ச் சேரட்டும்.

இன்டர்வியூவில் வந்தவர், நுழைவுத் தேர்வில் வந்தவர், பிளஸ் டூ மதிப்பெண்ணில் வந்தவர் என்று மூன்று தரப்பும் இன்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறீர்கள். யார் எந்த வாசல் வழியாக வந்தார் என்று பேட்ச் வருஷத்தைக் கேட்டால்தான் எனக்குத் தெரியும். வேலையைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. பிற்பகலில் கை தூக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.