சம்பளத்துடன் ஒரு பாடம்

அரசுப் பள்ளியில் படித்த நான், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் பொறியியல் பயின்றேன். நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் சம்பளத்துடன் நிறுவன வேலை. படிப்பும் வேலையும் இப்படி மாறிமாறி வருவது 1957 முதல் அங்குள்ள வழக்கம். நேர்காணலுக்குப் போய் வேலையை நாமேதான் பெறவேண்டும்.

என் முதல் வேலை ஒரு கிடங்கில். பொருள் எடுக்க நடக்கும் தூரம் குறையும்படி அடுக்குகளை மாற்றி வரைந்தேன். கணக்கு சரிதான். "இவ்வளவு கனமான பெட்டியை மேல்தட்டிலிருந்து யார் இறக்குவது?" என்றார் அங்கே பெட்டி தூக்கும் பெரியவர். வரையும் முன் அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பள்ளியில் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டால் அது காப்பியடிப்பது. அந்தப் பழக்கம்தான், வேறென்ன! அந்த வாரத்துக்கும் சம்பளம் வந்தது. வாங்கக் கூச்சமாக இருந்தது. அடுத்த வரைபடத்தை அவரும் நானும் கிடங்குத் தரையில் சாக்பீஸால் போட்டோம்.