திரையைக் காட்டும்போது

தஞ்சோங் பகார் என்றதும் நம்மில் வயதானவர்களுக்கு நினைவு வருவது கெப்பல் சாலை ரயில் நிலையந்தான். ஜொகூர் தோட்டங்களிலிருந்து உறவினரைப் பார்க்க ரயிலில் போனவர்கள் அங்கேதான் இறங்கினார்கள். 1932இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயில் புறப்பட்டது. ரயில் போனாலும் கடற்பாலம் இருந்தது. 2020 மார்ச் 18இல் கொரோனா நோயினால் பயணிகளுக்கு அதுவும் அடைபட்டது. தாய் இக்கரை, மகன் அக்கரை என்றான குடும்பங்கள் கைப்பேசியில்தான் முகம் பார்த்துக்கொண்டன.

முகம் பார்ப்பது ஒன்று. நம் கைப்பேசியிலோ கணினியிலோ உள்ளதை அப்படியே எதிர்முனையில் காட்டுவது இன்னொன்று. அதைத் திரைப் பகிர்வு என்கிறார்கள். இது நேற்று வந்த சங்கதியல்ல. 1968 டிசம்பரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர், சான் பிரான்சிஸ்கோ மேடையில் அமர்ந்தபடி, முப்பது மைல் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த துணைவருடன் ஒரே திரையில் வேலை செய்து காட்டினார்.

தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். படக்கருவி ஒருவர் பொறுப்பில் இருக்கும். யாரோ எழுந்து வந்து தம் படச்சுருளை மாட்ட முடியாது. சூம் செயலியில் இந்தக் கட்டுப்பாடு முதலில் தளர்வாக இருந்தது. தனியே மாற்றி வைக்காவிட்டால், கூட்டத்தில் உள்ள எவரும் தம் திரையைக் காட்டலாம். 2020 ஏப்ரல் 8இல் சிங்கப்பூர்ப் பள்ளிகள் அனைத்தும் வீட்டிலிருந்தே பாடம் நடத்தத் தொடங்கின. அந்த வாரமே ஒரு வகுப்பில் அந்நியர் புகுந்து ஆபாசப் படம் காட்டிவிட்டார்கள். கல்வி அமைச்சு உடனே சூமை நிறுத்தியது. சில நாளில் கூடுதல் பாதுகாப்புடன் மீண்டும் அனுமதித்தது. அந்த நிறுவனமும் அவ்வாண்டு மார்ச், ஏப்ரலில், பள்ளிக் கணக்குகளில் ஆசிரியர் மட்டுமே திரையைக் காட்டலாம், கடவுச்சொல் வேண்டும், வந்தவர் வாசலில் காத்திருக்க வேண்டும் என்று படிப்படியாக மாற்றியது. இதையெல்லாம் முதலிலேயே செய்திருக்கலாம் என்பது நம் எண்ணம்.

சரி, காட்டும் படம் ஏன் சில நேரம் தத்தித் தத்திப் போகிறது? எழுத்துள்ள பக்கம் பெரும்பாலும் அசையாது. ஆகவே மாறிய பகுதியை மட்டும் அனுப்பி, எழுத்தைத் தெளிவாக வைக்கவே செயலி முயலும். சினிமாப் பாட்டு போட்டால் திரை முழுதும் கணந்தோறும் மாறுகிறது, இணைப்பு திணறுகிறது. வீடியோவுக்கு ஏற்ற அமைப்பு தனியே உண்டு, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளைக்குப் பாடம் காட்டுகிறவர் எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு பக்கத்தில் சற்று நின்று போகட்டும். தோட்டத்தில் சிக்னல் மெல்ல வரும். நீங்கள் மூன்றாம் பக்கத்தில் இருக்கையில் பிள்ளை இரண்டாம் பக்கத்தில் இருப்பான்.

கைப்பேசியில் முழுத் திரையையும் காட்டினால், வங்கியிலிருந்து வரும் ஒருமுறை எண்ணும் எதிர்முனைக்குத் தெரியலாம். 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15 அத்தகைய செய்திகளைப் பகிர்வின்போது மறைக்கிறது. பழைய கைப்பேசியில் அந்த வசதி இருக்காது. ஆகவே மகனிடம் விண்ணப்பத்தைக் காட்டி முடித்ததும் பகிர்வை நிறுத்துங்கள். வங்கிச் செயலியைப் பிறகு திறவுங்கள். முன்பின் தெரியாத ஒருவர், “வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் திரையைக் காட்டுங்கள்” என்றால் பேச்சை அங்கேயே துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.