முதல் மூச்சு



என் மகளுக்கு 37 வாரத்திலேயே சிசேரியன் பண்ணணும்னு ஒத்தைக்கால்ல நின்னவ நான்தான். ஜோசியர் குறிச்ச நேரம். அவளுக்கு வலியே வரல. பேரன் பிறந்தான். கொஞ்ச நேரத்துலயே மூச்சு வாங்குச்சு. மூக்கு விடைக்குது, விலா உள்ளே இழுக்குது, முனகுறான். மூணு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அங்கிருந்த நர்ஸம்மாதான் எனக்கு விளக்கினாங்க.

வயித்துக்குள்ள குழந்தையோட நுரையீரல் நிறைய தண்ணிதான். அது குடிச்ச தண்ணி இல்ல, நுரையீரலே சுரக்கிறது. ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியா வந்துடும். பிரசவ வலி எடுத்ததும் குழந்தை உடம்பில் அட்ரினலின் ஊறுது. அதுவரை தண்ணியைச் சுரந்த நுரையீரல், அப்போ உறிஞ்ச ஆரம்பிக்குது. பிறந்து மூச்சு இழுக்க இழுக்க, காத்து உள்ளே போய் மிச்சத் தண்ணியைத் தள்ளுது. அது நுரையீரல் சதைக்குள்ள போய் ரத்தத்தில் சேருது. வர்ற வழியில பிழிஞ்சு வெளியேறுறது கொஞ்சம்தான். அதனால தலைகீழாத் தூக்கி அடிக்கிற பழைய வழக்கமெல்லாம் வேண்டாம்.

என் பேரனுக்கு அந்த வலி நேரமே கிடைக்கல.

ஆபத்துன்னா ஆபரேஷன் வேணும், அதை நான் குறை சொல்லல. காரணமில்லாம நாள் குறிக்கிறதா இருந்தா, 39 வாரமாவது முடியட்டும். பிறந்த குழந்தை நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல மூச்சு விட்டா உடனே நர்ஸைக் கூப்பிடுங்க.

பேரன் இப்போ ரெண்டாம் வகுப்பு. நல்லா ஓடுறான். அடுத்த கூட்டத்துக்கு மாசமா இருக்கிற மகள், மருமகளையும் கூட்டிட்டு வாங்க.