பின்சக்கரத்தின் பங்கு



2021 ஜூன் மாதம், அசர்பைஜானின் பாக்கு நகரம். விபத்தால் நிறுத்தப்பட்ட ஃபார்முலா ஒன் பந்தயம் கடைசி இரண்டு சுற்றுகளுக்காக மறுபடி தொடங்குகிறது. இரண்டாவது இடத்திலிருந்து லூயிஸ் ஹாமில்டன் பாய்ந்து கிளம்பி, முதலிடத்தில் நின்ற செர்ஜியோ பெரெஸை எட்டிப் பிடித்துவிடுகிறார். முதல் வளைவில் பிரேக்கை மிதிக்கிறார். முன்சக்கரங்களிலிருந்து புகை கிளம்புகிறது. கார் திரும்பவே இல்லை. நேராக ஓடித் தடத்தைவிட்டுப் போய்விடுகிறது. ஜெயித்திருக்கக்கூடியவர் 15-ஆவதாக வந்தார்.

பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. ஸ்டியரிங்கில் இருந்த ஒரு பொத்தானில் கை தெரியாமல் பட்டுவிட்டது. பந்தயம் தொடங்குமுன் மெதுவாக ஓட்டும்போது முன்பக்கத்தைச் சூடேற்றுவதற்காக, பிரேக் விசையில் பெரும்பகுதியை முன்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பொத்தான் அது. டிஸ்க், பேட், ஓட்டுநர் எதுவும் மாறவில்லை. முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்ற பங்கீடு மட்டும்தான் மாறியது.

வேகமான கார் வைத்திருப்பவர்கள் பின் பிரேக்கைப் பெரிதாக்கலாமா என்று யோசிக்கும்போது, பெரும்பாலும் டிஸ்க்கின் அளவையும், பேட்டை அதன்மேல் அமுக்கும் காலிப்பரின் நிறத்தையும்தான் பேசுகிறார்கள். சிவப்புக் காலிப்பர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பங்கீட்டைப் பற்றி.

காரை நிறுத்துகிற வேலை கடைசியில் டயருடையது. டயரின் மேல் எவ்வளவு சுமை இருக்கிறதோ அதற்கேற்பத்தான் அது தரையைப் பிடிக்கும். அந்தப் பிடியை மீறி பிரேக் கொடுத்தால் சக்கரம் சுழலாமல் வழுக்கும். லாக் ஆகிவிட்டது என்கிறோமே, அது இதுதான். இந்தச் சுமையோ ஓரிடத்தில் நிற்பதில்லை. பேருந்தில் ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் எல்லோரும் முன்னால் சாய்வதுபோல, காரின் சுமையும் முன்னச்சுக்குப் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 கிலோ கார். இரண்டு அச்சுகளுக்கும் இடையே இரண்டரை மீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறத்தாழ 40 மீட்டரில் நிற்கும்படி அழுத்தினால், பின்னச்சிலிருந்து 300 கிலோ முன்னச்சுக்குப் போய்விடும். என்ஜின் முன்னால் உள்ள காரில், நிற்கும்போது முன்னால் 825 கிலோ, பின்னால் 675 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் போட்டதும் அது 1,125, 375 என்று ஆகிவிடும். முக்கால் பங்கு வேலை முன்சக்கரங்களுக்கு. இப்படிப்பட்ட காரில் பின் டிஸ்க் சிறியதாக இருப்பது கஞ்சத்தனம் அல்ல.

போர்ஷே 911-இல் என்ஜின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு பின்னால். அதே கணக்கை அதற்குப் போட்டால், முழு பிரேக்கில்கூடப் பின்னால் 600 கிலோ மிஞ்சும், அதாவது நாற்பது விழுக்காடு. அந்தக் காரின் பின் பிரேக்குக்கு உண்மையான வேலை இருக்கிறது. 1975-இல் மூன்று லிட்டர் என்ஜினோடு 911 டர்போ வந்தது. 1978-இல் அதை 3.3 லிட்டராக்கி, சக்தியை 260 குதிரைத்திறனிலிருந்து 300-க்கு உயர்த்தியபோது, லெ மான்ஸ் பந்தயத்தை 1970-இலும் 1971-இலும் வென்ற 917 பந்தயக் காரின் வழியில் வந்த நான்கு பிஸ்டன் காலிப்பர்களைப் பொருத்தினார்கள். முன்னால் மட்டுமல்ல, பின்னாலும்.

முன்சக்கரம் லாக் ஆனால் கார் திரும்பாது. பாக்குவில் நடந்தது அது. வெளியே ஓடினாலும் நேராக ஓடும். பின்சக்கரம் முதலில் லாக் ஆனால், பின்பக்கத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது; வால் முன்னுக்கு வந்துவிடும். சாதாரண ஓட்டுநருக்கு அதைச் சமாளிக்க நேரம் கிடைக்காது. அதனால்தான் ஐ.நா.வின் வாகன விதிகள் பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முந்தி லாக் ஆகக் கூடாது என்கின்றன. தயாரிப்பாளர்களும் பங்கீட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே முன்பக்கம் சாய்த்து வைக்கிறார்கள்.

அப்படிச் சாய்த்து வைத்த காரில் போய் முன்னால் மட்டும் பெரிய பிரேக் மாட்டினால்? ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருக்கும் பங்கீடு இன்னும் சாயும். முன்சக்கரம் சீக்கிரமே லாக் ஆகும், பின்சக்கரம் பாதி வேலைகூடச் செய்யாமல் சும்மா வரும். சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாத காரில், பணம் கொடுத்து மாட்டிய பிரேக்கால் நிற்கும் தூரம் கூடியே போகலாம். பின்பக்கத்தையும் கவனிக்க வேண்டி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பேட் மட்டும் மாற்றினாலும் இதே கதைதான். முன் பேட்டின் உராய்வெண் 0.35-லிருந்து 0.45-க்குப் போனால், முன்பக்கத்தின் விசை கால்பங்குக்கு மேல் கூடிவிடும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பின்னால் என்ன குறை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சூடு தாங்கவில்லை என்றால், காற்றோட்ட இடைவெளியுள்ள தடித்த டிஸ்க் போதும். விட்டமும் பிஸ்டனும் பேட்டும் மாறாதவரை பங்கீடு மாறாது. விசை போதவில்லை என்றால் விட்டமோ பிஸ்டனோ பெரிதாக வேண்டும். 38 மில்லிமீட்டர் பிஸ்டனை 41 ஆக்குவது சிறிய மாற்றமாகத் தெரியும். பரப்பளவில் அது 16 விழுக்காடு. பிஸ்டன் பெரிதானால் அதைத் தள்ள பிரேக் எண்ணெய் அதிகம் வேண்டும், பெடல் ஆழமாக இறங்கும். பெடலிலிருந்து அந்த எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஈடுகொடுக்குமா என்றும் பார்க்க வேண்டும். இன்னொன்று, பல கார்களின் பின் காலிப்பரில் ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்திருக்கும். அந்தப் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு அமுக்கி உடைத்தவர்கள் உண்டு.

பங்கீட்டைச் சரிசெய்யப் பந்தயக் கார்களில் இரண்டு மாஸ்டர் சிலிண்டரும் நடுவே ஒரு சமநிலைத் தண்டும் இருக்கும். மற்றவர்கள் பின் பிரேக் குழாயில் ஒரு வால்வு பொருத்துவார்கள். அது பின்னுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. ஏ.பி.எஸ். கணினி உள்ள காரில் பழைய பிரேக்கை மனத்தில் வைத்து எழுதிய கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே வால்வைத் திருகுவதைவிடத் தயாரிப்பாளர் பொருத்திய விகிதத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது நல்லது என்பது என் கட்சி.

வால்வைச் சரிபார்ப்பது மூடிய தடத்தில்தான், அதுவும் காய்ந்த தரையில். ஈரத்தில் பிடி பாதியானால் சுமை நகர்வதும் பாதியாகும். அந்த 911-இல் 300 கிலோவுக்குப் பதில் 150 கிலோதான் முன்னால் போகும். முன்னும் பின்னும் 750, 750 என்று சரிசமமாக நிற்கும். மழை வந்ததும் பந்தய ஓட்டுநர்கள் பிரேக்கைப் பின்பக்கம் திருப்புவது இதனால்தான். அவர்கள் கையில் குமிழ் இருக்கிறது, வெயில் வந்தால் திரும்ப மாற்றிக்கொள்வார்கள். நாம் மழை நாளில் வால்வைத் திருகிச் சரி பார்த்துவிட்டு அப்படியே விட்டால், மறுநாள் காய்ந்த சாலையில் முதலில் லாக் ஆவது பின்சக்கரமாக இருக்கும்.