செங்கணமும் பர்மிங்காமும்



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அயல்நாட்டு மேற்படிப்பு என்றவுடன் பொறியியலும் மேலாண்மையுமே பேச்சில் எழுகின்றன. தமிழ் படித்த பிள்ளைக்குக் கடலுக்கு அப்பால் என்ன கிடைக்கும் என்னும் வினா எழுவதே அரிது. அதற்கு விடை தரவல்லது, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்து வரலாறு. ஆயினும் அவ்வரலாற்றின் ஒரு வேர் இந்த மண்ணில் இருப்பதால், இங்கிருந்தே தொடங்குதல் தகும்.

உ. வே. சாமிநாதையர் 1855-இல் பிறந்தவர்; உத்தமதானபுரம் அவருடைய சொந்த ஊர். எனினும் அவருடைய இளமைத் தமிழ்க் கல்வியில் பெரும்பகுதி இவ்வட்டாரத்தில் நிகழ்ந்தது. அரியலூரில் சடகோப ஐயங்கார் அவர் உள்ளத்தில் தமிழ்ச் சுவையை விதைத்தார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை பாடம் சொன்னார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகை கற்பித்தார். மகனுக்கு நல்லாசிரியர் வாய்க்கவேண்டும் என்பதற்காகவே தந்தை வேங்கடசுப்பையர் குடும்பத்துடன் ஊர் விட்டு ஊர் பெயர்ந்தார். சென்ற ஊர்களில் இருந்தோர் தங்க இடமும் உண்ணப் பொருளும் தந்து அக்குடும்பத்தைத் தாங்கினர். கல்வி உதவித்தொகை என்னும் சொல் வழங்கத் தொடங்குமுன்பே அதன் பொருள் இங்கே நடைமுறையில் இருந்தது. அவ்வாறு வளர்ந்த மாணவர் 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். பின்னர்ப் பத்துப்பாட்டை 1889-இலும் புறநானூற்றை 1894-இலும் அச்சில் தந்தார். பர்மிங்காமில் ஆராயப்பட்டவை அந்நூல்கள் காட்டிய வீரநிலைப் பாடல்களே.

பர்மிங்காம் இரும்புத் தொழிலால் வளர்ந்த நகரம். அங்கே எஃகுப் பேனா முள் செய்து பெருஞ்செல்வம் ஈட்டியவர் ஜோசையா மேசன். முறையான பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. சிறு வயதில் தெருவில் பொருள் விற்றுப் பிழைத்தவர். அவர் தம் செல்வத்தைக் கொண்டு நிறுவிய அறிவியல் கல்லூரிக்கு 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1880-இல் அது திறக்கப்பட்டது. தொழிலுக்கு உதவும் அறிவியலே அங்குக் கற்பிக்கப்பட வேண்டும், வெறும் இலக்கியக் கல்விக்கு அங்கு இடமில்லை என்று அவர் விதித்திருந்தார். எழுதுகோல் முள் செய்தவரே எழுத்துக் கலைக்குக் கதவடைத்தது விந்தைதான். திறப்பு விழாவில் உரையாற்றிய தாமஸ் ஹக்ஸ்லி அவ்விதியை ஆதரித்துப் பேசினார். மாத்யூ ஆர்னால்டு பின்னர் இலக்கியத்தின் சார்பில் மறுமொழி கூறினார். அவ்விதியும் நெடுநாள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே மொழிப் பாடங்கள் அக்கல்லூரியில் இடம்பெற்றன.

அரசியல் தலைவர் ஜோசப் சேம்பர்லேனின் முயற்சியால் அக்கல்லூரி 1900-இல் விக்டோரியா அரசியின் சாசனம் பெற்றுப் பல்கலைக்கழகமாயிற்று. அவரே அதன் முதல் வேந்தர். எட்ஜ்பாஸ்டன் பகுதியில் கால்த்தார்ப் குடும்பம் 25 ஏக்கர் நிலம் வழங்கியது. சிவப்புச் செங்கல் மாளிகைகள் வளைந்து சூழ, நடுவே ஏறத்தாழ 100 மீட்டர் உயர மணிக்கூண்டு ஓங்கி நிற்கும் அவ்வளாகத்தை 1909-இல் ஏழாம் எட்வர்டு மன்னர் திறந்து வைத்தார். இத்தாலியின் சியன்னா நகரக் கோபுரத்தை ஒட்டி எழுந்த அக்கூண்டுக்குச் சேம்பர்லேனின் பெயரே சூட்டப்பட்டது.

இவ்வளாகத்தில் 1937 முதல் 1970 வரை கிரேக்கப் பேராசிரியராக விளங்கியவர் ஜார்ஜ் தாம்சன். இளமையில் அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவுக்குச் சென்று, எழுத்தை நம்பாது வாய்மொழியிலேயே கதையும் பாட்டும் காத்த மீனவரோடு பழகி அவர்தம் மொழியைக் கற்றவர். கிரேக்கக் காவியத்தை ஏட்டில் மட்டும் காணாது, பாடுவோர் வாயிலும் கேட்போர் செவியிலும் வைத்துக் காண அப்பழக்கம் அவருக்குக் கற்றுத் தந்தது.

அவரிடம் ஆய்வு செய்ய இலங்கையிலிருந்து 1960-களில் இருவர் சென்றனர். ஒருவர் க. கைலாசபதி. பாணரும் புலவரும் பாடிய சங்கப் பாடல்களைக் கிரேக்க, அயர்லாந்து வீரப்பாடல்களோடு ஒப்பிட்டு அவர் எழுதிய ஆய்வு, 1968-இல் ஆக்ஸ்போர்டு கிளாரண்டன் அச்சக வெளியீடாக வந்தது. அதன் முடிவுகளை ஏற்றோரும் உளர், மறுத்தோரும் உளர். புறக்கணித்துவிட்டுச் சங்க இலக்கியம் பேசுதல் இயலாதாயிற்று. மற்றவர் கா. சிவத்தம்பி. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆய்ந்து 1970-இல் முனைவர் பட்டம் பெற்றார். அது 1981-இல் நூலாயிற்று. இருவரும் தாயகம் திரும்பி மாணவர் பரம்பரையை உருவாக்கினர்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. தாம்சன் தமிழ்ப் பேராசிரியர் அல்லர். கைலாசபதி தமிழ் கற்க அங்குச் செல்லவில்லை. தமிழை மற்றொரு மொழியின் அருகில் நிறுத்திப் பார்க்கும் கண்ணைப் பெறச் சென்றார். சாமிநாதையர் செங்கணம் சென்றதும், கைலாசபதி பர்மிங்காம் சென்றதும் ஆசிரியரைத் தேடிய பயணங்களே. பணம் அப்பயணத்திற்கு ஓடம். சேரவேண்டிய கரை ஆசிரியர்.

இன்று ஓடங்கள் சில உள்ளன. 1959-இல் ஆக்ஸ்போர்டில் கூடிய மாநாட்டில் காமன்வெல்த் உதவித்தொகைத் திட்டம் வகுக்கப்பட்டது; மறு ஆண்டே முதல் மாணவர்கள் பிரிட்டன் சென்றனர். 1983-இல் தொடங்கிப் பின்னர்ச் செவனிங் எனப் பெயர் பெற்ற திட்டம் ஓராண்டு முதுகலைக்கு உதவுகிறது. படிப்பு முடிந்தவர் தாய்நாடு திரும்பவேண்டும் என்பது அதன் நிபந்தனை. பட்டியல் சாதியினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் முதலியோரின் பிள்ளைகளுக்கு நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு.

இந்த மூன்றாவது திட்டத்தில்தான் ஒரு தடை எழுந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகிய பொருள்களுக்கு உதவி இல்லை என 2022-இல் வெளியான விதிமுறைகள் கூறின. அவற்றுக்குரிய வளமும் வல்லுநரும் உள்நாட்டிலேயே உளர் என்பது சொல்லப்பட்ட காரணம். மேசனின் பழைய விதி வேறு உருவில் திரும்பியது போன்றது இது. புறநானூறு உள்நாட்டில்தான் இருந்தது. அதைப் புதிதாய்க் காட்டிய ஒப்பீடு வெளியிலிருந்து வந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளை தன் செலவில் அந்த ஒப்பீட்டைத் தேடிச் செல்லலாம். கூலித் தொழிலாளியின் மகள் மட்டும் தன் மரபை ஆராய எல்லை தாண்டலாகாது என்றால், அவ்விதி யாரைத் தடுக்கிறது என்பது விளங்கும். மேசன் விதி மாறியது போல இதுவும் மாறவேண்டும். மாறும்வரை மற்ற வாயில்களை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இலக்கிய வட்டங்களுக்கு இதில் பணி உண்டு. வாய்மொழிப் பாடல் பற்றிய கோட்பாட்டை மில்மன் பாரி என்னும் அமெரிக்க அறிஞர் 1930-களில் யூகோசுலாவிய நாட்டுப் பாடகரிடம் சென்று சோதித்தார். கைலாசபதியின் ஆய்வுக்கு அது ஒரு தூணாயிற்று. குன்னத்திலும் செந்துறையிலும் ஒப்பாரி பாடும் மூதாட்டியரின் பாட்டு, அவரோடு மறையுமுன் பதிவாக வேண்டும். அதைப் பதிவு செய்யும் மாணவரிடம் உலகின் எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கும் ஆய்வுப் பொருள் இருக்கும். அவருக்கு யாப்பும் சங்கப் பாடலும் முறையாகப் பாடம் சொல்ல ஒரு கவிஞர் முன்வந்தால், விண்ணப்பம் எழுதவும் ஏற்ற ஆசிரியரைக் கண்டறியவும் ஒருவர் துணை நின்றால், பயணச் செலவுக்கு ஊர் கை கொடுத்தால், அது புதிய வழக்கமன்று. செங்கணமும் குன்னமும் முன்பே செய்து காட்டியது அது. பதினோராம் ஆண்டில் ஒரு மாணவருக்கேனும் அதைச் செய்வது இவ்வட்டத்திற்கு இயலாத செயலன்று.